எங்கட வீட்டிலை குளிரே இல்லையாம்

1

என்ரை படம் ஒரு புத்தகத்தின்ரை அட்டையிலை வந்திருக்கு. ஐம்பத்தெட்டு வயசிலை முதல் தடவை. தயவுசெய்து ஆரும் வாழ்த்திப்போடாதேங்கோ.

நேற்றுத் தபால்பெட்டிக்குள்ளை கிடந்தது. வழவழத்த தாள். இறைச்சி வைச்சுச் சுருட்டிப் பொரிச்ச ரோல்ஸ் ஒரு தட்டைப் பிடிச்சுக்கொண்டு முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரிக்கிறன். பின்னாலை எங்கட ஹோல், பூப்போட்ட மேசைவிரிப்பு, சுவரோரம் மாதா சுரூபம். கீழை பெரிய இங்கிலீசு எழுத்து: வெதுவெதுப்பான வீடுகள், வெதுவெதுப்பான மனங்கள். மெல்பேர்ணிலை நாங்கள் இருக்கிற ட்ருகனினாவிலை, எங்கட பக்கத்து வீடுகளுக்குச் சுத்தமான ஹீற்றர் பூட்டிப் பாக்கிற திட்டம் ஒண்டு நடந்தது. அதுக்காகச் சனத்திட்டைக் கேட்டுக் கேட்டு எழுதின அறிக்கையாம். அதைப் பாக்கவே எனக்கு அருவருப்பாக் கிடந்தது.

மஞ்சள் மூடிக் குப்பைத்தொட்டிக்குள்ளை தூக்கிப் போட்டன். பேந்து, காத்துக்குத் தொட்டி சரிஞ்சால் றோட்டு முழுக்க என்ரை பல்லெல்லோ பறக்கும் எண்டு பயந்து திருப்பி எடுத்தன். பாத்தியளோ? அருவருப்பிலையும் நாலு பேர் என்ன சொல்லுவினம் எண்டுதான் என்ரை புத்தி போகுது.

நாங்கள் மெல்பேர்ண் வந்து இந்தக் கிழமையோடை பதினாறு வருசம். வழமையா இந்த நாளிலை ஒரு பூசைக்குக் குடுத்து, கோழி வாங்கிக் கறி வைப்பன். இந்தமுறை என்ரை மனுசன் அன்ரன் ஆஸ்பத்திரியிலை கிடக்கிறார். முட்டு வருத்தம், மூச்சு எடுக்க ஏலாது. அந்த மூச்சுக்காக எங்கட வீட்டுக்கு வந்திருக்கவேண்டிய ஹீற்றர் வரேல்லை. ஏன் வரேல்லை எண்டுதான் ஊர்ச்சனம் உங்களுக்கு எழுதப்போறன். வாசிச்சுப்போட்டு என்னைத் திட்டுறதெண்டால் திட்டுங்கோ. பாதியை நானே திட்டி முடிச்சிட்டன்.

2

அன்ரன் மன்னாரிலை கடல்தொழில் செய்த மனுசன். இஞ்சை வந்து பன்னிரண்டு வருசம் ஒரு குளிர்க்களஞ்சியத்துக்குள்ளை நிண்டு உறைஞ்ச கோழிப்பெட்டி அடுக்கினவர். கடல்காத்திலை கெடாத நெஞ்சு கோழிப்பெட்டியிலை கெட்டுப்போச்சு. இப்ப வேலையும் இல்லை. நாலு அடி நடந்தால் நிண்டு மூச்சு வாங்கவேணும்.

எங்கட வீட்டு முகட்டுக்குள்ளை ஒரு பழைய காஸ் ஹீற்றர் கிடக்கு. போட்டால் ஒவ்வொரு அறை முகட்டிலையும் இருக்கிற ஓட்டையாலை சூட்டுக்காத்து வரும். காத்தோடை ஆண்டாண்டுகாலத் தூசியும் கருகல் மணமும் சேர்ந்து வரும். போட்டால் அன்ரனுக்குத் தூசியிலை முட்டு. போடாட்டில் குளிரிலை முட்டு. ரெண்டிலை எந்த முட்டு நல்ல முட்டெண்டு யோசிச்சு, குளிர்முட்டையே தெரிவுசெய்து வைச்சிருந்தம். ரெண்டு ஜம்பர், தலைக்குத் தொப்பி, காலுக்கு மேசு, மடியிலை போர்வை. இஞ்சை குளிர்காலமான ஆனி ஆடியிலை சொந்த ஹோலுக்குள்ளை இருந்து கதைச்சால் வாயாலை புகை வரும். ஊரிலை இருந்து ஆராவது வீடியோவிலை எடுத்தால் தொப்பியைக் கழட்டிப்போட்டு, "இஞ்சை நல்ல சுகம்" எண்டு சொல்லுவம். நீங்களும் நம்பினீங்கள்.

இந்த வருசம் குளிர் துவங்கேக்கைதான் அந்தக் கடிதம் வந்தது. காஸ் ஹீற்றரைக் கழட்டிப்போட்டுக் கரண்டிலை ஓடுற, தூசி புகை இல்லாத புது ஹீற்றர் பூட்டுவினமாம். காசு வேண்டாமாம். ஆனால் இப்போதைக்குக் கொஞ்ச வீடுகளுக்குத்தானாம். ஆருக்கு அவசரமாத் தேவை எண்டு சனத்தைக் கேட்டு முடிவெடுப்பினமாம். அன்ரன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடிதத்தை ரெண்டுதரம் வாசிச்சார். "எங்களுக்கெண்டே எழுதினமாதிரிக் கிடக்கு" எண்டார். அவற்றை முகத்திலை அப்பிடி ஒரு வெளிச்சத்தை நான் கனகாலமாப் பாக்கேல்லை.

அதுக்காக ஊர் மண்டபத்திலை ஒரு கூட்டம் வைச்சினம். எமிலி எண்டு ஒரு பிள்ளை, கழுத்திலை அட்டை தொங்க, வாசலிலை நிண்டு எல்லாருக்கும் கை தந்தவள். நல்ல பிள்ளை, பொய் சொல்லக்கூடாது. சுவரிலை எங்கட தெருக்களின்ரை பெரிய வரைபடம். வீட்டுக்குள்ளை குளிரெண்டால் உங்கட வீட்டிலை சிவப்புப் பொட்டு ஒட்டுங்கோ, பரவாயில்லையெண்டால் பச்சை எண்டாள்.

நாங்கள் தமிழாக்கள் ஒரு மூலையிலை கூடி நிண்டம். அடுத்த தெருச் சிவா அங்கிள், எழுபது தாண்டின யாழ்ப்பாணத்து மனுசன், முதல் ஆளாப் போய்ப் பச்சையை ஒட்டிப்போட்டு வந்தார். அவற்றை வீட்டிலை குசினிக் குழாயைத் தொட்டால் விரல் விறைக்கும். நான் அவற்றை முகத்தைப் பாத்தன்.

"என்ன பிள்ளை பாக்கிறாய்? சிவப்பை ஒட்டினால் எங்களையெல்லே சிவப்பாப் பாப்பினம். நாட்டுக்குள்ளை விட்டவங்களுக்குக் குறை சொல்லுறதே?"

அவ்வளவுதான். ஆட்டுமந்தை. ஒருத்தருக்குப் பின்னாலை ஒருத்தர் பச்சை. நானும் பச்சை. என்ரை கையாலை, என்ரை வீட்டிலை, ஒட்டினது விழாமல் ரெண்டுதரம் அமத்தியும் விட்டன். எதிர்வீட்டு டெபி மட்டும் தன்ரை வீட்டிலை ஏழு சிவப்புப் பொட்டு ஒட்டினாள். எமிலி வந்து, ஒண்டுதான் ஒட்டலாம் எண்டு சொல்ல, "எனக்கு ஏழு அளவு குளிருது" எண்டு கத்தினாள். நாங்கள் மூலையிலை நிண்டு சிரிச்சம். வெள்ளைக்காரிக்கு வெக்கமில்லை எண்டு காருக்குள்ளை வரேக்கையும் கதைச்சம்.

3

இந்தப் பழக்கம் எங்கையிருந்து வந்ததெண்டு எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும்.

சண்டை முடிஞ்சு எங்களை அடைச்சு வைச்ச முகாமிலை இருக்கேக்கை பெரிய ஆக்கள் பாக்க வாற நாளெண்டால், விடியவே கூட்டிப் பெருக்கச் சொல்லுவினம். அண்டைக்கு மட்டும் பருப்பிலை பருப்பு இருக்கும். வந்தவை வரிசையிலை கேட்டுக்கொண்டு வருவினம்: சாப்பாடு காணுமோ? காணும் சேர். தண்ணி வருதோ? வருது சேர். குறை ஏதும்? ஒண்டுமில்லை சேர். எங்களுக்கு ரெண்டு கூடாரம் தள்ளி இருந்த ஒரு மனுசி, பிள்ளைக்கு வயித்தாலை போகுது, மருந்து இல்லை எண்டு சொல்லிப்போட்டாள். பின்னேரம் அவளின்ரை புருசனை விசாரிக்கக் கூப்பிட்டவை. அவர் திரும்பி வந்தவர்தான். ஆனால் வந்தபிறகு ஒருத்தரோடையும் கதைக்கேல்லை.

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் எண்டு சொல்லுவினம். எங்கட காலத்திலை வாய் மூடின பிள்ளைதான் பிழைச்சுது. அதை நான் குறை சொல்லேல்லை. ஆனால் அங்கை உயிரைக் காப்பாத்தின பொய்யை இஞ்சையும் கட்டிக் கொண்டுவந்து, ஒரு ஆபத்தும் இல்லாத இடத்திலை, கேட்டவளுக்கும் கேளாதவளுக்கும் ரோல்ஸோடை சேர்த்துப் பரிமாறுறம். அதுதான் அரியண்டம்.

4

எமிலி வீட்டைப் பாக்க வாறதெண்டு சொன்ன நாளிலை நான் விடிய வெள்ளணை எழும்பிட்டன். நிலம் துடைச்சு, கதிரையளுக்கு உறை மாத்தி, குயில்ற், ஜம்பர், தொப்பி எல்லாத்தையும் அள்ளி அலுமாரிக்குள்ளை அடைச்சன். பிறகு, ரெண்டு வருசமாத் தொடாத காஸ் ஹீற்றரைப் போட்டன். வாற பிள்ளை குளிருக்குள்ளை இருக்கிறதே? விருந்தாளி விறைச்சுப்போனால் எங்கட மானம் கப்பலேறிப்போயிடும். ஹீற்றருக்குத் தேவையான குளிரைக் காட்டவேண்டிய நாளிலை, குளிரை ஒளிச்சுவைச்ச ஆக்கள் உலகத்திலை நாங்களாத்தான் இருப்பம்.

அரை மணித்தியாலத்திலை வீடு கணகணப்பாச்சு. அன்ரன் இருமத் துவங்கினார். மூச்சுக்கு அடிக்கிற பம்ப் அடிச்சார், நிக்கேல்லை. எமிலி வர இன்னும் பத்து நிமிசம். குசினியிலை ரோல்ஸ் பொரியுது, ஹோலிலை மனுசன் குனிஞ்சு நிண்டு கொள்கொள் எண்டு இழுக்கிறார்.

"உந்த இருமலோடை அந்தப் பிள்ளைக்கு முன்னாலை இருக்கப் போறியளோ?" எண்டு கேட்டன். இதைச் சொன்ன வாயாலைதான் இப்பவும் சாப்பிடுறன்.

அவர் கோவிக்கேல்லை. "நான் கராஜிலை இருக்கிறன். அந்தப் பிள்ளை போனாப்பிறகு தட்டு" எண்டார். பிளாஸ்ரிக் கதிரை ஒண்டைத் தூக்கிக்கொண்டு உள்கதவாலை போனார். கராஜிலை வெறும் சீமெந்து, தகரக் கதவு, அதுக்குக் கீழாலை காத்து. நான் கதவைச் சாத்தினன். சத்தம் கேளாமல் சாத்தினன்.

எமிலி வந்தாள். ஓ, எவ்வளவு கதகதப்பு எண்டாள். ரோல்ஸ் ரெண்டு சாப்பிட்டாள், மூண்டாவதை நானே கையிலை திணிச்சன். மடியிலை தாளை வைச்சு ஒவ்வொண்டாக் கேட்டாள். ஹீற்றர் ஒழுங்கா வேலை செய்யுதோ? ஓல் குட். வீட்டிலை ஆருக்கும் மூச்சு வருத்தம் இருக்கோ? அதை மெதுவா, திருப்பியும் கேட்டாள். என்ரை இங்கிலீசு அவ்வளவு மோசமில்லை. கேள்வி எனக்கு வடிவா விளங்கினது. "நோ, நோ. எவ்ரிபடி வெரி குட்" எண்டன். கராஜுக்குள்ளை ஒரு இருமல் கேட்டது. "நெய்பர்ஸ் டோக்" எண்டன். பக்கத்துவீட்டு நாயெண்டு சொல்லிப்போட்டன், கேட்டியளோ? முப்பத்தொரு வருசம் கட்டி வாழுற மனுசனை.

அப்பதான் அந்தப் படம் எடுத்தவள்.

போகேக்கை சவர்க்காரக் கட்டியளவிலை ஒரு வெள்ளைப் பெட்டி தந்தாள். மூண்டு கிழமைக்கு வீட்டுக்குள்ளை எவ்வளவு குளிர், எவ்வளவு சூடு எண்டு அது தானாப் பதியுமாம். நீங்கள் கூட நேரம் இருக்கிற அறையிலை, சூடு படாத இடத்திலை வையுங்கோ எண்டு விளங்கப்படுத்தினாள். நாங்கள் கூட நேரம் இருக்கிறது படுக்கையறையிலை. அங்கை அன்ரனின்ரை சளித்துப்பல் பேணி, பம்ப், மருந்துப் போத்தலுகள், குவிச்ச போர்வையள். எமிலி வேலை செய்யிற கந்தோரிலை இருந்து வந்த சாமானை அந்தக் கோலத்துக்குள்ளை எப்பிடி வைக்கிறது? வீட்டிலை வடிவான இடம் எது எண்டு பாத்தன். மாதாவுக்கு முன்னாலை வைச்சன்.

மாதாவுக்கு முன்னாலை எப்பவும் மெழுகுதிரி எரியும். அந்த மூண்டு கிழமையும் கூட எரிச்சன், ஒண்டுக்கு ரெண்டா. ஏனெண்டால் நேர்த்தி வைச்சிருந்தன்: தாயே, எப்பிடியாவது இந்த ஹீற்றரை எங்களுக்குக் கிடைக்கச் செய்யும்.

5

ஒரு மாசத்தாலை கடிதம் வந்தது. தமிழிலையும் ஒரு பக்கம் போட்டிருந்தவை. உங்கள் இல்லத்தின் வெப்பநிலை திருப்திகரமாக உள்ளது, பங்கேற்றமைக்கு நன்றி. டெபி வீட்டிலை லொறி வந்து நிண்டு, ரெண்டு பேர் புது ஹீற்றரை இறக்கினதை நான் யன்னல் சீலைக்குப் பின்னாலை நிண்டு பாத்தன். எரிஞ்சது. தன்வினை தன்னைச் சுடும் எண்டுவினம். சுட்டிருந்தால் பரவாயில்லை, வீடாவது சூடாயிருக்கும்.

கண்கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் எண்டமாதிரி, எமிலியின்ரை கந்தோருக்குப் போனன். எமிலி என்னைக் கண்டு ஓடிவந்து கட்டிப்பிடிச்சு, ரோல்ஸை இப்பவும் நினைக்கிறன் எண்டாள். நான் மெல்ல, எங்கட வீடு குளிர் எண்டன். அவள் கொம்பியூட்டரைத் திருப்பிக் காட்டினாள். பச்சைப் பொட்டு, நான் சொன்ன பதில், மூண்டு கிழமையும் ஏறி நிண்ட சூட்டுக்கோடு. இந்தத் தெருவிலேயே கதகதப்பான வீடு உங்கடதுதான் எண்டாள். பெட்டியை எங்கை வைச்சனீங்கள் எண்டு கேட்டாள். மெழுகுதிரிக்குப் பக்கத்திலை எண்டு சொல்ல வாய் வரேல்லை. "ஹோல்" எண்டன். இந்தமுறைப் பட்டியல் முடிஞ்சுது, அடுத்தமுறைக்குப் பேரைப் பதியலாம் எண்டாள். "நோ புறொப்ளம்" எண்டு சொல்லிப்போட்டு வெளியிலை வந்து, பஸ் நிக்கிற இடத்திலை இருந்து அழுதன்.

மகள் ஷாமினிக்கு இருபத்தாறு வயசு. நகரத்துக்குள்ளை தனிய இருக்கிறாள், மாசத்துக்கு ஒருக்கா வருவாள். தமிழ் விளங்கும், பதில் இங்கிலீசிலைதான். கடிதத்தை வாசிச்சுப்போட்டு என்னைப் பாத்தாள்.

"வட் டிட் யூ டெல் தெம், அம்மா?"

"அந்தப் பிள்ளை வீட்டுக்கு வந்த ஆள். வந்த ஆளுக்கு முன்னாலை குறையைச் சொல்லுறதே?"

"யூ லைட் டு தெம்."

"பொய்யில்லை பிள்ளை, மரியாதை."

அவள் சிரிச்சாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கேல்லை. பிறகு ஒரேயடியா இங்கிலீசிலை கொட்டினாள். வந்த புதிசிலை, பத்து வயசிலை, டொக்டரிட்டை, கந்தோரிலை எல்லாம் நான்தானே உங்களுக்கு மொழிபெயர்த்தனான்? அப்பா நெஞ்சு நோகுதெண்டு வீட்டிலை அழுவார், டொக்டருக்கு முன்னாலை நீங்கள் என்ரை கையைக் கிள்ளி, ஒண்டுமில்லையெண்டு சொல்லு எண்டுவீங்கள். பள்ளிக்கூடத்திலை என்ரை சாப்பாட்டுப் பெட்டியைப் பறிச்சுக் கொட்டினவளைப் பற்றி ரீச்சர் உங்களைக் கூப்பிட்டுக் கேட்டவ. அதையும் நான்தான் உங்களுக்குத் தமிழிலை சொன்னனான். நீங்கள் ரீச்சரைப் பாத்து, ஓல் குட் எண்டு சிரிச்சீங்கள். அண்டைக்குப் பிறகு நான் உங்களிட்டை ஒண்டும் சொல்லுறேல்லை, கவனிச்சீங்களோ?

நான் கவனிக்கேல்லை. பிள்ளை தமிழை விட்டிட்டாள், இந்த நாடு பிள்ளையைப் பறிச்சிட்டுது எண்டு பென்டில் ஹில் எண்ட ஊரிலை இருக்கிற என்ரை தங்கச்சிக்குப் போன் எடுத்து எத்தினை நாள் ஒப்பாரி வைச்சிருப்பன்! நாடு பறிக்கேல்லை. பச்சைப் பொட்டு ஒட்டி அனுப்பினது நான்.

கராஜைப் பற்றி மட்டும் அவளுக்கும் சொல்லேல்லை.

6

ஆவணிக் குளிர் அன்ரனை விழுத்திப்போட்டுது. ஆறு நாளா ஆஸ்பத்திரி. மூக்கிலை குழாய், கதைச்சால் விசில் சத்தம்.

அந்த அறிக்கையை வழியிலை எங்கையாவது கிழிச்சுப்போடத்தான் பைக்குள்ளை வைச்சுக்கொண்டு இண்டைக்குப் போனன். சுகமில்லாத மனுசன், பைக்குள்ளை பழம் தேடி, அதை வெளியிலை எடுத்திட்டார். அட்டையைப் பாத்தார். அவற்றை முகம் அப்பிடியே மலர்ந்தது. நேர்ஸைக் கையாலை கூப்பிட்டு, "மை வைஃப்" எண்டார். பெருமை! கராஜிலை குந்தி இருந்த மனுசனுக்குப் பெருமை!

நேர்ஸ் புத்தகத்தை வாங்கி விரிச்சுப் பாத்தாள். ஷாமினியும் கட்டில் பக்கத்திலை நிண்டவள். ஓ, வடிவான கதகதப்பான வீடு எண்டாள் நேர்ஸ். அப்ப நல்லது, இவருக்குக் குளிர் படவே கூடாது, வீடு சூடெண்டால் நாளைக்கே வீட்டுக்கு அனுப்பலாம் எண்டு டொக்டருக்குச் சொல்லுறன், வீட்டிலை எல்லாம் ஓகேதானே எண்டு கேட்டாள்.

அன்ரன் பெருவிரலைத் தூக்கிக் காட்டினார். "நோ புறொப்ளம்."

நேர்ஸ் என்னைப் பாத்தாள். என்ரை வாயிலை சிரிப்பு தானா வந்து ஒட்டிக்கொண்டுது, அட்டையிலை இருக்கிற அதே சிரிப்பு. ஓல் குட் எண்ட சொல்லு நாக்கு நுனியிலை வந்து நிக்குது. நாளைக்கு இந்த மனுசனை அந்தக் குளிருக்குள்ளை கூட்டிக்கொண்டு போனால், திரும்பி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரவும் வேண்டிவராது. கோதாரி விழுந்த சொல்லை அப்பிடியே விழுங்கினன்.

"ஷாமினி," எண்டன். "நான் சொல்லுறதை அப்பிடியே அவளுக்குச் சொல்லு. ஒரு சொல்லும் விடாதை. என்ரை இங்கிலீசிலை சொன்னால் சிரிச்சு மழுப்பிப்போடுவன்."

அவள் என்னை ஒருமாதிரிப் பாத்தாள். தலையை ஆட்டினாள்.

"இந்தப் படம் பொய். எங்கட வீடு குளிர்."

சொன்னாள்.

"அந்தப் பெட்டியை மெழுகுதிரிக்குப் பக்கத்திலை வைச்சது நான்."

சொன்னாள். "அம்மா..." எண்டு ஒரு பெருமூச்சும் விட்டாள்.

அன்ரன் கையை நீட்டி என்ரை சீலையைப் பிடிச்சு இழுத்தார். "விடு. ஏன் இஞ்சை வந்து எங்கட மானத்தை வாங்கிறாய்?" குழாய்க்குள்ளாலை விசில் அடிச்சுது அவற்றை குரல். நான் விடேல்லை. நேர்ஸ் பேனையை எடுத்து எழுதத் துவங்கினாள்.

"இவருக்கு மூச்சு வருத்தம் இல்லையெண்டு சொன்னது நான். இந்தப் படம் எடுக்கேக்கை இவர் கராஜிலை இருந்தவர். இருமல் சத்தம் கேட்டால் வெக்கம் எண்டு, நான்தான் இருத்திக் கதவைச் சாத்தினனான்."

ஷாமினி வாயைத் திறந்தாள். திறந்தபடி நிண்டாள். என்னைப் பாத்தாள், தேப்பனைப் பாத்தாள். அவர் மற்றப்பக்கம் திரும்பிச் சுவரைப் பாத்துக்கொண்டு கிடந்தார்.

"கராஜிலையா?" எண்டாள். தமிழிலைதான் கேட்டாள்.

"ஓம். சொல்லு."

அவளாலை ஏலேல்லை. கண் நிறைஞ்சு போச்சு. நேர்ஸ் பேனையைப் பிடிச்சபடி எங்கள் மூண்டு பேரையும் மாறி மாறிப் பாத்துக்கொண்டு நிக்கிறாள்.

பத்து வயசிலை கிள்ளின அதே கையைப் பிடிச்சன். இந்தமுறை கிள்ளேல்லை.

"சொல்லு பிள்ளை," எண்டன்.